காரணம் எழுதாத ஏடுகள்

அரசு மருத்துவமனைகளுக்குக் கணினி வந்த நாளிலிருந்து ஒரு குறை ஓயாமல் சொல்லப்படுகிறது. நோயாளியின் விவரத்தை மின்னணு ஏட்டில் ஏற்றவும், நோயை உலகத் தரக் குறியீட்டில் எழுதவும் நம் செவிலியர்களும் எழுத்தர்களும் மருத்துவர்களும் இன்னும் பழகவில்லையாம். போதிய பயிற்சி கொடுத்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமாம். பயிற்சி வேண்டாம் என்று யார் சொல்லப்போகிறார்கள்? ஆனால் முத்துக்குளித்துறைக் கடற்கரையின் கதையை எடுத்துப் பார்த்தால், பயிற்சிக்கு முன்னால் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று இருப்பது தெரியும். வேம்பாரிலிருந்து மணப்பாடு வரையிலான இந்தக் கரையில் மனிதர்களைப் பெயர் சொல்லி ஏட்டில் ஏற்றும் வேலை ஏறத்தாழ ஐந்நூறு ஆண்டுகளாக நடந்து வருகிறது. ஏட்டை எழுதியவர்கள் மாறினார்கள், மொழி மாறியது, படிவம் மாறியது. மாறாதது ஒன்றுண்டு. எழுதியவருக்கும் எழுதப்பட்டவருக்கும் சேர்ந்தே தேவைப்பட்ட வரிதான் ஒழுங்காக எழுதப்பட்டது. இரண்டில் ஒருவருக்குத் தேவைப்படாத கட்டம், படிவம் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும், காலியாகவோ ஒப்புக்கு நிரப்பப்பட்டோ கிடந்தது. அப்படிக் கிடந்த கட்டங்களில் முதன்மையானது, சாவுக்கான காரணம்.

திருச்செந்தூருக்குத் தெற்கே கடலையொட்டி இருக்கும் ஆலந்தலை, முத்துக் குளிக்கும் பரவர்களின் பழைய ஏழு துறைகளில் ஒன்று. 1530களின் நடுவில் இக்கரையினர் கூட்டமாகக் கத்தோலிக்கம் தழுவினார்கள். 1542இல் பிரான்சிஸ் சேவியர் வந்தபோது அவர்களுக்குப் பெயர் மாறியிருந்தது. மற்றதெல்லாம் பெரும்பாலும் பழையபடியே இருந்தது. இரண்டு ஆண்டுகள் கழித்து அவர் தம் உதவியாளர் மான்சிலாஸுக்கு எழுதிய கடிதங்களில் ஆலந்தலையும் அடிபடுகிறது. ஒரே ஆள் அத்தனை ஊருக்கும் ஓடி முடியாது என்பதால் ஊருக்கொரு கணக்கப்பிள்ளையை அவர் அமர்த்தினார். ஜெபம் சொல்லிக்கொடுப்பது, சாகக் கிடக்கும் குழந்தைக்கு அவசர ஞானஸ்நானம் கொடுப்பது, பிறந்த பிள்ளைகளைப் பற்றியும் திருமணத்துக்குத் தடை உண்டா என்பதைப் பற்றியும் சாமியாருக்குத் தகவல் சொல்வது அவர்கள் வேலை. அவர்களுக்குச் சம்பளம் எங்கிருந்து வந்தது என்பது சுவையான சங்கதி. முத்துக்குளித்துறையிலிருந்து போர்த்துக்கல் அரசியின் பாதணிச் செலவுக்கென்று ஆண்டுதோறும் 4,000 பணம் போய்க்கொண்டிருந்தது. அதைக் கேட்டு வாங்கிக் கணக்கப்பிள்ளைகள் பக்கம் திருப்பிவிட்டார் சேவியர். அரசியின் செருப்புக் காசில் ஊரார் பிறப்புக்கும் கல்யாணத்துக்கும் தகவல்காரர்கள் கிடைத்தார்கள். இன்று ஊருக்கொரு கிராம சுகாதாரச் செவிலியர் செய்யும் வேலையின் ஒரு பகுதியை, உடலுக்குப் பதிலாக ஆன்மாவை முன்வைத்து, அவர்கள் செய்தார்கள் என்று சொல்லலாம்.

இந்த வாய்மொழித் தகவலைப் புத்தகமாக்கியது கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கம். 1563இல் அது, ஒவ்வொரு பங்குக் குருவும் திருமண ஏடு வைத்திருக்க வேண்டும், ஞானஸ்நானத்தில் ஞானப் பெற்றோரின் பெயரை எழுத வேண்டும் என்று விதித்தது. 1614இல் வெளிவந்த உரோமைச் சடங்குநூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், குடும்ப நிலை, இறப்பு என ஐந்து ஏடுகளுக்கும் மாதிரி வாசகம் கொடுத்தது. திரெந்தின் நோக்கம் களவுக் கல்யாணத்தைத் தடுப்பதும், விலக்கப்பட்ட உறவுக்குள் மணம் நடக்காமல் பார்ப்பதும். பரவர் குடும்பங்களுக்கும் அதே ஏடு வேறு காரணத்துக்காக வேண்டியிருந்தது. யார் யாருக்குப் பங்காளி, யார் முறைகாரர், சொத்தும் பட்டங்கட்டி என்ற ஊர்த்தலைமை உரிமையும் எந்த வழியில் போகிறது என்ற வழக்குகளுக்கு அது சாட்சி. மூன்று ஞாயிறு கோவிலில் கல்யாண ஓலை வாசிக்கும்போது ஆட்சேபம் சொல்ல ஊருக்கே உரிமை இருந்தது. தவறாக எழுதினால் திருத்தச் சொல்ல ஆள் இருந்தது. பிற்காலத்தில் பள்ளிக்கூடத்துக்கும் கப்பல் வேலைக்கும் ஞானஸ்நானச் சீட்டே வயதுச் சான்றாகவும் ஆனது. அதே சடங்குநூலின் இறப்பு ஏட்டு வாசகத்தைப் பாருங்கள். இன்ன ஆண்டு, இன்ன நாள், இன்னாருடைய மகன், இன்ன வயதில், இன்னார் வீட்டில் உயிர் துறந்தான்; பாவசங்கீர்த்தனம் செய்தானா, நற்கருணை வாங்கினானா, அவஸ்தை பூசப்பட்டதா, எங்கே அடக்கம் என்று அது கேட்கிறது. என்ன நோய் என்று கேட்கவில்லை. மறைந்தவரின் மறுமைக்கு அது பொருட்டில்லை. வீட்டாருக்கும் அந்த விவரத்தால் ஆவதொன்றுமில்லை.

உடலை அக்கறையோடு பார்த்தவர்கள் அந்தக் காலத்தில் இல்லாமலில்லை. தமிழில் முதல் அச்சு நூல்களைத் தந்த அண்டிரிக் அடிகளார் 1550களில் புன்னைக்காயலில் மருத்துவமனை நடத்தினார். ஆனால் அங்கே நோயாளிக்குத் தேவைப்பட்டது கஞ்சியும் மருந்தும் படுக்கையும்தான். கரையில் மிகத் துல்லியமாக எழுதப்பட்ட கணக்கு வேறொன்று இருந்தது. முத்துச் சிலாபம் என்ற குளிப்புப் பருவம் நடக்கும்போது எத்தனை வள்ளம் சிப்பிப் பாருக்குப் போயிற்று, எத்தனை சிப்பி கரைக்கு வந்தது, குளித்தவர் பங்கு எவ்வளவு, சர்க்கார் பங்கு எவ்வளவு, ஏலம் என்ன விலைக்குப் போயிற்று என்பதெல்லாம் எண்ணி எழுதப்பட்டன. போர்த்துக்கீசியர், 1658இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரர், பின்னால் ஆங்கிலேயர் என்று எவர் ஆண்டாலும் சிப்பிக் கணக்கு நின்றதில்லை. 1890இல் எட்கர் தர்ஸ்டன் மன்னார் வளைகுடாவின் முத்து, சங்கு குளிப்பைப் பற்றி எழுதிய நூல் அந்த வழக்கத்தை விளக்குகிறது. சிப்பியை எண்ணுவதில் தப்பு நடந்தால் சர்க்காருக்கும் நட்டம், குளித்தவனுக்கும் நட்டம். இரண்டு பக்கமும் கண்கொத்திப் பாம்பாய் நின்றதால் கணக்கு சரியாக இருந்தது. கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவனின் காது கிழிந்ததா, மூச்சு முட்டி மேலே வந்தானா என்பதற்குத் தொடர்ச்சியான ஏடு இல்லை. முகாமில் காலரா வந்து, சிலாபத்தையே நிறுத்தவேண்டிய நிலை ஏற்பட்டால் மட்டும் உடல் கணக்கில் ஏறியது. அப்போதும் அது வருவாய் இழப்பின் பக்கத்தில்தான் வந்தது.

இறப்பின் காரணத்தைக் கேட்கும் ஏடு நமக்கு வந்தது பிரிட்டிஷ் ஆட்சியில். 1886இல் இந்தியச் சட்டம், 1899இல் சென்னை மாகாணத்தின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம். காரணத்தைக் கேட்டவர்களுக்கு நியாயமான காரணம் இருந்தது. காலராவும் அம்மையும் பிளேக்கும் எங்கே கிளம்புகின்றன என்று தெரியவேண்டும். எழுதியவர் யார்? கிராமத் தலைமையில் இருந்தவர். மருத்துவம் படிக்காதவர். வெட்டியானோ தலையாரியோ வந்து சொன்னதைக் கேட்டு எழுதுபவர். படிவத்தில் காலரா, அம்மை, காய்ச்சல், பேதி, காயம் என்று சில கட்டங்கள். விளைவு, இந்தியா முழுக்க ஆண்டறிக்கைகளில் காய்ச்சல் என்ற கட்டம் வீங்கிக் கிடந்தது. காசநோய், நிமோனியா, பிரசவச் சன்னி என்று பலவும் அதற்குள் புதைந்தன. சுகாதார அதிகாரிகளே இதைச் சொல்லி அலுத்துக்கொண்டார்கள். அவர்கள் சொன்ன மருந்தும் இன்று சொல்லப்படுவதுதான்: எழுதுபவருக்குப் போதிய அறிவில்லை, கற்றுக்கொடுங்கள். கற்றுக்கொடுத்திருந்தால் கொஞ்சம் தேறியிருக்கும், மறுக்கவில்லை. ஆனால் நோயின் பெயரைச் சரியாகச் சொல்வதால் செத்தவரின் வீட்டாருக்கு எதுவும் கிடைக்கவில்லை. மாறாக, காலரா என்று சொன்னால் துணியைக் கொளுத்தவும் வீட்டைக் கழுவவும் ஆள் வருவார்கள். காய்ச்சல் என்று சொல்லிவிடுவது இருதரப்புக்கும் வசதி. அந்தப் பதிவில் ஒருவகை ஒப்பந்தம் இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

இங்கே வலுவான மறுப்பு ஒன்று எழும். நோய்க் குறியீட்டு முறை பிறந்ததே ஆதாயத்தால் அல்லவே, அறிவுத் தேட்டத்தால் அல்லவா? லண்டன் தலைமைப் பதிவகத்தில் 1839 முதல் சாவுக் காரணங்களை வகைப்படுத்திய வில்லியம் ஃபார், 1893இல் சிகாகோவில் கூடிய புள்ளியியலாளர்களிடம் தம் பட்டியலை வைத்த ஷாக் பெர்த்தியோன், 1948இல் அதை ஆறாம் திருத்தமாக ஏற்று நோய்களையும் சேர்த்துக்கொண்ட உலக சுகாதார நிறுவனம் என்று வரும் வரிசையில் யாருக்கு என்ன லாபம்? ஃபாரின் அறிவை யாரும் குறைக்க முடியாது. ஆனால் அவர் மேசைக்கு வந்த சீட்டுகள் எப்படி வந்தன? இங்கிலாந்தில் 1837இல் தொடங்கிய பதிவுமுறை, ஆங்கிலிக்கன் சபைக்கு வெளியே இருந்த கிறிஸ்தவர்கள் தங்கள் பிறப்புக்கும் வாரிசுரிமைக்கும் சட்டம் ஒப்பும் சான்று கேட்டுப் போராடியதால் வந்தது. சொத்து வழக்குக்கு அந்த ஏடு வேண்டியிருந்ததால் மக்கள் பதிவு செய்தார்கள். சாவுக் காரணம் என்ற கட்டம் நாடாளுமன்றத்தில் மசோதா போய்க்கொண்டிருந்தபோது இடையில் சேர்க்கப்பட்டது. மக்கள் தங்கள் தேவைக்குக் கட்டிய வண்டியில் ஃபாரின் அறிவியல் ஏறி வந்தது. சென்னை மாகாணத்தில் அந்த வண்டியே இல்லாமல் கட்டத்தை மட்டும் அச்சடித்தார்கள்.

வண்டி எப்போது வந்தது என்பதைப் பின்னாளைய வரலாறு சொல்கிறது. 1969ஆம் ஆண்டுச் சட்டம் பிறப்பையும் இறப்பையும் குறித்த நாளுக்குள் தெரிவிக்கச் சொன்னது. 1980இல் கிராம முன்சீப், கர்ணம் பதவிகள் ஒழிந்து, கிராம நிர்வாக அலுவலர் அந்த ஏட்டுக்குப் பொறுப்பானார். பள்ளி, பாஸ்போர்ட், காப்பீடு, வாரிசுச் சான்று என்று ஒவ்வொன்றும் சான்றிதழ் கேட்கத் தொடங்கிய பிறகே பதிவு பெருகியது. மீனவ ஊர்களில் இதன் கூர்மை வேறு. கடலில் போனவர் உடல் கிடைக்காவிட்டால் ஏழு ஆண்டுகள் கழித்தே இறந்ததாகக் கொள்ள முடியும் என்பது சாட்சியச் சட்டம். 2004 சுனாமியிலும், 2017 நவம்பர் கடைசியில் வந்த ஒக்கி புயலிலும் உடல் கிடைக்காத குடும்பங்கள் அந்த ஏழு ஆண்டுச் சுவரில் போய் முட்டின. ஒக்கியில் பெரும்பாலும் குமரி மாவட்டத்துக் குடும்பங்கள். போராட்டத்துக்குப் பிறகு விதியைத் தளர்த்திச் சான்று கொடுத்தார்கள். 20 லட்சம் ரூபாய் நிவாரணமும் கிடைத்தது. இறப்பு நடந்தது என்ற வரி அவர்களுக்கு உயிர்நாடி. எதனால் என்ற வரியோ? பத்தாம் திருத்தக் குறியீட்டில் மீன்பிடிப் படகு கவிழ்ந்தோ உடைந்தோ மூழ்கியவருக்கு வி 90.2 என்று தனி எண் இருக்கிறது. கடலில் குளிக்கப்போய் மூழ்கியவருக்கு டபிள்யூ 69. முதலாவது தொழிலில் நேர்ந்த சாவு. அந்த இரண்டையும் பிரித்து எழுதினால்தான் ஒரு கரையில் எத்தனை பேரைத் தொழில் கொல்கிறது என்று சொல்ல முடியும். குடும்பத்துக்கு நிவாரணம் வாங்கக் காவல்நிலைய அறிக்கையும் பிரேதப் பரிசோதனைச் சான்றும் போதும். ஆகவே நீரில் மூழ்கி இறப்பு என்று பொதுவாக எழுதினாலும் தட்டிக் கேட்க ஆளில்லை.

இதற்கு நேர் எதிரான காட்சி தாய்சேய் நலத்தில். கருவுற்ற பெண்களையும் குழந்தைகளையும் தொடர்ந்து கவனிக்க, பிக்மி என்று எல்லோரும் அழைக்கும் மின்னணு ஏட்டைத் தமிழக அரசு 2008 வாக்கில் கொண்டுவந்தது. அதை நிரப்பியவர் கிராம சுகாதாரச் செவிலியர். கணினியைத் தொட்டுப் பழகாத பலர், கையில் பெரிய நோட்டும் மேசையில் கணினியுமாக இரட்டை வேலை செய்தார்கள். இணையம் விட்டுவிட்டு வரும். அப்போதும் ஏடு நிரம்பியது. 1987இல் தொடங்கிய முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தின் பணம், பின்னால் 18,000 ரூபாய் வரை உயர்ந்த அந்தத் தொகை, ஏட்டில் ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் கிடைத்த பன்னிரண்டு இலக்க எண்ணோடு கட்டப்பட்டது. 12 வாரத்துக்குள் பதிவு செய்தால் முதல் தவணை. பிறகு பிறப்புச் சான்றுக்கும் அந்த எண்ணைக் கேட்டார்கள். செவிலியர் மறந்தாலும், எண் போட்டாச்சா அக்கா என்று கர்ப்பிணியே கேட்டு வந்து நின்றால் ஏடு எப்படித் தவறும்? பயிற்சி வகுப்பு செய்யாததை அந்தக் கேள்வி செய்தது.

ஆதாயம் எந்த அளவுக்குத் துல்லியத்தைக் கொண்டுவரும் என்று பார்க்க, அமெரிக்க நோயாளிகளுக்காகச் சென்னையிலும் கோவையிலும் திருச்சியிலும் உட்கார்ந்து குறியீடு எழுதும் நம் பிள்ளைகளைப் பார்த்தால் போதும். விலங்கியலும் நுண்ணுயிரியலும் மருந்தியலும் படித்தவர்கள் சில மாதம் உடற்கூறும் குறியீட்டு விதியும் கற்று, தேர்வெழுதி, வேலைக்குப் போகிறார்கள். 2015 அக்டோபர் 1 அன்று அமெரிக்கா பத்தாம் திருத்தத்துக்கு மாறியபோது ஏறக்குறைய 14,000 குறியீடுகள் இருந்த இடத்தில் 68,000 வந்தன. அவற்றையும் கற்றுக்கொண்டார்கள். திருக்கை முள் தற்செயலாகக் குத்தி விஷம் ஏறி வந்தால் அமெரிக்கக் குறியீடு டி 63.511ஏ. கடைசியில் நிற்கும் ஏ, சிகிச்சை நடந்துகொண்டிருக்கும் கட்டத்தைக் குறிக்கும். ஆறிவரும் காலத்தில் மறுபடி காட்ட வந்தால் டி, பின்விளைவுக்காக வந்தால் எஸ். ஃபுளோரிடாவில் ஒருவர் காலில் குத்திய திருக்கையை இத்தனை நுணுக்கமாக எழுதுகிறது ஒரு தமிழ்க் கை. ஆலந்தலையிலோ புன்னைக்காயலிலோ வலையைப் பிரிக்கும்போது குத்திய திருக்கைக்கு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளிச் சீட்டில் விஷக்கடி என்றோ காயம் என்றோ இருந்தால் அதிகம். இரண்டு இடத்திலும் எழுதுபவர் ஒரே கல்லூரியில் படித்தவராகக்கூட இருக்கலாம். அங்கே ஓர் எழுத்து பிசகினால் காப்பீட்டு நிறுவனம் பணத்தை நிறுத்திவிடும். இங்கே பிசகினால் எதுவும் நிற்காது.

பணத்தோடு கட்டினால் ஏடு பொய் சொல்லும் என்பது அடுத்த மறுப்பு. இது எளிதில் ஒதுக்கிவிடக்கூடியது அல்ல. 1983இல் அமெரிக்க முதியோர் காப்பீடு நோய்வகைக்கு இவ்வளவு என்று தொகை நிர்ணயித்தபின், அதிகத் தொகை கிடைக்கும் குறியீட்டுக்கு நோயைத் தூக்கி எழுதும் பழக்கம் பரவியது. நம் மாநிலத்தின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டமும் சிகிச்சைத் தொகுப்புக்கு இவ்வளவு என்றுதான் கொடுக்கிறது. அந்த ஆசை இங்கும் எழாது என்று நம்ப வழியில்லை. ஆனால் அந்தப் பொய்யில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். குறியீட்டால் பயன்பெறுவது மருத்துவமனை. நோயாளியின் கையில் அந்தச் சீட்டு இருப்பதில்லை, இருந்தாலும் அவருக்குப் புரிவதில்லை. சிப்பிக் கணக்கில் இரண்டு தரப்பும் எண்ணியதால் ஏமாற்று கடினமானது. ஆதாயம் ஒருபக்கம் மட்டும் இருந்தால் அந்தப் பக்கத்துக்கு வளையும். இரண்டு பக்கமும் இருந்தால் ஒன்றையொன்று இழுத்துப் பிடிக்கும். கணக்கப்பிள்ளை காலத்துக் கல்யாண ஏட்டிலும் அதுதான் நடந்தது.

ஆதாயமே இல்லாமல் நல்ல தகவல் கிடைத்ததற்கு உதாரணமே இல்லையா என்றால், இருக்கிறது; அது சென்னையில் நடந்தது. 1995 முதல் 1997 வரை சென்னையில் இறந்த வயதுவந்தோரில் 48,000 பேரின் வீடுகளுக்கு மருத்துவர் வெ. கஜலட்சுமியின் குழு ஆட்களை அனுப்பி, கடைசி நாட்களில் என்ன நடந்தது என்று கேட்டு எழுதியது. பிறகு மருத்துவர்கள் அந்தக் குறிப்பைப் படித்துக் காரணத்தை முடிவு செய்தார்கள். காரணம் தெளிவில்லை என்று ஏட்டில் கிடந்த சாவுகள் பெருமளவு குறைந்தன. புகைப்பதற்கும் காசநோய்ச் சாவுக்கும் உள்ள உறவை உலகத்துக்குக் காட்டிய ஆய்வுகளுக்கு இந்தத் தகவல் அடிப்படையானது. மருத்துவரல்லாத ஆள் வீட்டாரிடம் பொறுமையாகக் கேட்டால் போதும் என்று இது நிரூபித்தது. என் வாதத்துக்கு இது இடிக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இது ஆய்வு. சம்பளம் வாங்கி ஒருவர் வந்து கேட்டார், ஆய்வு முடிந்ததும் நின்றது. நாள்தோறும் தானாக எழுதப்படும் ஏட்டுக்கு அந்தச் செலவைக் காலமெல்லாம் யாரும் தருவதில்லை. 2020ஆம் ஆண்டு இந்தியாவில் பதிவான இறப்புகளில் மருத்துவர் காரணம் சான்றளித்தவை 22.5 சதவீதம்தான்.

இதற்கிடையே, 2013இல் மத்திய அரசு மின்னணு உடல்நலப் பதிவேட்டுத் தரங்களை வெளியிட்டு 2016இல் திருத்தியது. 2014இல் ஸ்னோமெட் என்ற மருத்துவச் சொற்றொகுதிக்கு இந்தியா உறுப்பினரானது. 2021இல் ஆயுஷ்மான் டிஜிட்டல் இயக்கமும் ஆளுக்கொரு உடல்நல எண்ணான ஆபா எண்ணும் வந்தன. 2024 ஜனவரியில் உலக நோய்க் குறியீட்டின் பதினோராம் திருத்தத்தின் மரபு மருத்துவப் பகுதியில் சித்தா, ஆயுர்வேத, யுனானி நோய்ப்பெயர்களும் சேர்ந்தன. நோய்கள் 4,448 என்று எண்ணிவைத்த சித்த மரபுக்கு வகைப்படுத்துவது புதிதல்ல என்பதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம். அந்தக் குறியீட்டை எந்த நோயாளியின் சீட்டில் யார் எழுதப்போகிறார் என்பதுதான் மிச்சம். ஆபா எண்ணை மக்கள் விரும்பி எடுத்த இடங்களைப் பார்த்தால், பெரிய மருத்துவமனைகளில் கியூஆர் குறியைக் கைப்பேசியால் ஸ்கேன் செய்து புறநோயாளிச் சீட்டு வாங்கும் வசதி வந்த இடங்கள்தான் முன்னால் நிற்கின்றன. வரிசை குறைந்தது, எண் பெருகியது.

இறப்பின் காரணத்துக்கு அப்படியொரு கொக்கி 2023இல் கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நடப்புக்கு வந்த பதிவுச் சட்டத் திருத்தம், மருத்துவமனை தரும் காரணச் சான்றின் பிரதியை இறந்தவரின் நெருங்கிய உறவினருக்கும் கொடுக்கச் சொல்கிறது. நான்காம் படிவம் அது. முதல் பகுதியில் உடனடிக் காரணம், அதற்குக் காரணம், அதற்கும் அடிப்படை என்று வரிசையாக எழுத வேண்டும். இரண்டாம் பகுதியில் கூட இருந்த நோய்கள். முதல் வரியில் இதயமும் மூச்சும் நின்றன என்று எழுதிவிட்டு மற்ற வரிகளைக் காலியாக விடுவது நாடெங்கும் உள்ள பழக்கம். யார் இறந்தாலும் இதயம் நிற்கத்தான் செய்யும். குறியீட்டாளருக்கு அடிப்படைக் காரணம்தான் வேண்டும், அந்த வரி இல்லாமல் அவர் எதைக் குறிப்பார்? இனி அந்தத் தாள் வீட்டுக்கும் வரும். சர்க்கரை நோயா, சிறுநீரகமா, பிள்ளைகளுக்கும் வருமா, காப்பீட்டில் எது செல்லும் என்று கேட்க வீட்டாருக்கு ஒரு காகிதம் இருக்கிறது. பயிற்சி வகுப்பு மருத்துவருக்கு மட்டும் நடந்தால் போதாது, அந்தத் தாளைப் புரியும் மொழியில் கேட்டு வாங்கப் பங்குப் பேரவையிலும் மீனவர் சங்கத்திலும் மகளிர் குழுவிலும் சொல்லிக்கொடுக்கலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு. மருத்துவமனைக்குப் போகாமல் வீட்டுத் திண்ணையிலோ கடலிலோ முடிந்த உயிருக்குக் கடைசி நோயின்போது பார்த்த மருத்துவர் யாரும் இல்லையென்றால் படிவமே கிடையாது. அங்கே இன்னும் கிராம நிர்வாக அலுவலரின் ஏட்டில், வந்து சொன்னவர் சொன்னதுதான் காரணம்.